‘நல்’ எழுதிய முத்துப்பேச்சியைப் பார்க்கப் போனேன்: மாட்டுங்கா, தாராவி, செம்பூர்

பாடத்திட்டத்திலிருந்து ஒரு கவிதையை எடுத்துவிட்டார்கள். அதனால் மும்பைக்கு டிக்கெட் போட்டேன். இந்த வலைப்பூவில் இதுவரை அருவி, மலை, பழைய கோட்டை என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒரு மனுஷியைப் பார்க்கவென்றே கிளம்பிய பயணத்தை எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம், வேலை வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் இரண்டாம் ஆண்டுத் தாளில் முத்துப்பேச்சியின் ‘நல்’ என்ற கவிதையைச் சேர்த்தோம். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி தாராவிக்குப் போனவர். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மூன்று தொகுப்புகள் வந்திருக்கின்றன. படிக்காதவர்களுக்காக அந்தக் கவிதையை இங்கே தருகிறேன்:

ஊரில் கிணறு இருந்தது
கயிறு இருந்தது வாளி இருந்தது
என் கைக்கு மட்டும் அனுமதி இல்லை.

இங்கே
விடியுமுன் நல் வரும்
கூடவே சண்டை வரும்
குடத்தால் இடிப்பார்கள்
முடியைப் பிடிப்பார்கள்
எந்தத் தெருக்காரி நீ என்று
ஒருத்தியும் கேட்டதில்லை.

ஆறு வீட்டுக்கு ஒரு நல்.
இந்தியில் அதற்குக் குழாய் என்று அர்த்தமாம்.
இருக்கட்டும்.
எனக்குத் தமிழில்தான் அர்த்தமாகிறது.

மும்பைத் தமிழர்கள் தெருக்குழாயை ‘நல்’ என்றுதான் சொல்கிறார்கள். வகுப்பில் கடைசி வரியைப் படித்ததும் பிள்ளைகள் ஒரு நொடி சும்மா இருப்பார்கள், பிறகு பின் பெஞ்சிலிருந்து “ஆ!” என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் அந்தப் பாடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன நவம்பரில் ஒரு புகார் வந்தது. கவிதை ஊரைக் கேவலப்படுத்துகிறது, தலைப்பே இந்தி, தமிழ்த் தாளில் இதற்கு என்ன வேலை என்று. கூட்டம் போட்டார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். என்னோடு கை தூக்கியவர் ஒரே ஒருவர். கவிதை போய்விட்டது. அதற்குப் பதிலாக வயல்வெளி, குயில், மாலைச் சூரியன் உள்ள கவிதை ஒன்று வந்தது. அன்று மாலையே பதிப்பாளரிடம் எண் வாங்கி முத்துப்பேச்சிக்குப் போன் செய்தேன். உங்களைப் பார்க்க வரவேண்டும் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைப் போனில் சொல்ல மனம் வரவில்லை.

“ஜனவரி கடைசில வாங்க டீச்சர். ஒரு ஞாயித்துக்கிழம மாட்டுங்கால எனக்குச் சால்வை போடுதாங்களாம். அதையும் பாத்துட்டுப் போவலாம்” என்றார்.

நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஆனால் தினமும் கிடையாது. காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி மறுநாள் இரவு ஏழை ஒட்டி தாதரில் இறக்கிவிட்டது. மூன்றாம் வகுப்பு ஏசியில் எனக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. கரூர் தாண்டியதும் ரயிலில் விற்கும் சாப்பாட்டை நம்ப வேண்டாம். நான் புளியோதரை கட்டிப் போயிருந்தேன். கடைசி நிலையம்வரை போகாமல் தாதரில் இறங்குவதுதான் வசதி. மாட்டுங்கா அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன்.

தங்கியது மாட்டுங்கா கிழக்கில், ஒரு சின்ன லாட்ஜில். நாளுக்கு 1,800 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் பூக்கடை வரிசை, வாழையிலைக் கட்டு, காபிப்பொடி அரைக்கிற வாசனை. தமிழ்ச் சுவரொட்டிகூட உண்டு. மும்பைக்கு முதல் தடவை வருபவர்களுக்கு, அதுவும் இந்தி சரளமாக வராதவர்களுக்கு, இந்த இடம் பயத்தைப் போக்கிவிடும். ஆனால் ஒன்று. இங்கே ஆட்டோ ஓடாது. கறுப்பு மஞ்சள் டாக்சி மட்டும்தான். மீட்டர் 31 ரூபாயில் தொடங்குகிறது, யாரும் பேரம் பேசவில்லை. திருநெல்வேலி ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய எனக்கு அதுவே ஒரு சுற்றுலா.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, சால்வை போடுகிற அமைப்பின் செயலாளரைச் சந்தித்தேன். ராமசேஷன் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடும்பம் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. தினமும் ஒரே மெஸ்ஸில் ஒரே மேஜையில்தான் காபி குடிப்பாராம். எனக்கும் சேர்த்துச் சொன்னார். நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன்.

“நன்னா எழுதறா அந்தம்மா. நான் இல்லேங்கலை. ஆனா பாதி ஹிந்தியா இருக்கே? அச்சா, அது போகட்டும். நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஊர் ஞாபகம். ஆறு, தோப்பு, சின்ன வயசு… எல்லாரும் ஊரை விட்டுட்டு வந்தவாதானே, கேட்டா சந்தோஷப்படுவா. பத்து நிமிஷம் பேசட்டும். ‘நல்’ மட்டும் வேண்டாம்னு சொல்லிருக்கேன்.”

“ஏன் சார்?”

“ஹால் வாடகை, சாப்பாடு எல்லாம் ஒரு பெரிய கடைக்காரர் குடுக்கறார். அவரும் திருநெல்வேலிக்குத் தெற்கதான். புரிஞ்சுக்கோங்கோ.”

புரிந்தது. நாகர்கோவிலில் கூட்டம் போட்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள், காபி மட்டும் வாங்கித் தரவில்லை. முத்துப்பேச்சி என்ன சொன்னார் என்று கேட்டேன். “சரிங்க சார்னா. அவ்வளவுதான்” என்றார் ராமசேஷன். கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தார்.

அங்கிருந்து தாராவிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. தாராவியின் ஒரு பகுதிக்கே மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர். ஒரே பெயரில் இரண்டு இடம், இரண்டிலும் தமிழ். நடுவில் ரயில் பாதை. டாக்சிக்காரர் என்னையும் என் முதுகுப்பையையும் பார்த்துவிட்டு, “தாராவி தேக்னே கே லியே?” என்று கேட்டார். சுற்றிப் பார்க்கவா என்று. எனக்குத் தெரிந்த இந்தியில், இல்லை, ஒருவரைப் பார்க்க, என்றேன். “ஹாங், தோ டீக் ஹை”, அப்படியென்றால் சரி, என்று மீட்டரைப் போட்டார். நாற்பத்தாறு ரூபாய்.

நான் பார்க்கப் போனது காதர் பாயை. மேலப்பாளையம் பக்கத்திலிருந்து வாலிபத்தில் வந்து, தோல் பை தைக்கும் பட்டறை வைத்தவர். இங்கே அதைக் கார்கானா என்கிறார்கள். முத்துப்பேச்சி பதினேழு வருடம் வேலை பார்த்தது அங்கேதான். பைக்குக் கைப்பிடி தைப்பது அவர் வேலை. இப்போது நான் இருக்கும் செம்பூருக்கு நீங்கள் வருவதற்கு முன்னால் பாயைப் பார்த்துவிட்டு வாருங்கள், என்னைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது என்று அவர்தான் அனுப்பினார்.

தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து, பிறகு ஏணி மாதிரி ஒரு படி. மேலே போனதும் தோல் நாற்றமும் பசை நாற்றமும் சேர்ந்து மூக்கில் அடித்தன. ஆறு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். காதர் பாய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வாங்கம்மா. நம்ம பேச்சியப் பத்தி எழுதப் போறீங்களா? எழுதுங்க. அந்தப் பொஸ்தவக் கதைய எழுதாம விட்றாதீங்க.”

புத்தகக் கதை இதுதான். முத்துப்பேச்சியின் முதல் தொகுப்பைச் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. வெளியீட்டு விழா தாராவியில் என்பதால் முந்நூறு பிரதிகளையும் ரயில் பார்சலில் அனுப்பிவிட்டார்கள். முத்துப்பேச்சியின் வீடு ஒற்றை அறை, மூட்டை வைக்க இடமில்லை. எல்லாம் கார்கானாவுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பதிப்பகத்தில் யாரோ ‘பிழை’ திருத்தியிருந்தார்கள். நல் எல்லாம் குழாய் ஆகியிருந்தது. குழாய் ஆன பிறகு கடைசி மூன்று வரிக்கு அர்த்தம் இல்லாமல் போனதால் அந்த வரிகளையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

“அழுவான்னு நெனச்சேன்” என்றார் காதர் பாய். “அழல. அங்ஙனயே நின்னு போனப் போட்டா. அந்தாளு, வாசகருக்குப் புரியணும்மாங்கான். இவ சொல்லுதா, எனக்குப் புரிஞ்சதத்தானய்யா நான் எழுதுனேன், உமக்குப் புரியலன்னா கேட்டிருக்கணும்லா, திருத்துனா எப்படின்னு. போன வெச்சுட்டு எங்கிட்ட வந்து, பாய், மார்க்கர் எத்தன இருக்குன்னா.”

தோலில் அளவுக் கோடு போடும் பேனா அது. விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ‘குழாய்’ என்பதை அடித்து மேலே ‘நல்’ என்று எழுதத் தொடங்கினார். கடைசி மூன்று வரியையும் பக்கத்தின் அடியில் கையால் எழுதினார். சாயங்காலத்துக்குள் முடிகிற வேலையாகத் தெரியவில்லை. காதர் பாய் தையலை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதில் இரண்டு பேர் பீகார்காரர்கள்.

“அவனுவளுக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது பாத்துக்கிடுங்க. பேச்சி ஒரு தோல் துண்டுல பெருசா எழுதிக் காமிச்சா. இப்டி ஒரு வளைவு, இப்டி ஒரு சுழி. பொம்ம போடுத மாதிரி போட்டானுவ. மேல புள்ளி வெக்க மட்டும் மறந்துருவானுவ. புள்ளி இல்லன்னா ‘நல’ ஆயிரும்லா? அவளே ஒவ்வொண்ணா எடுத்துப் புள்ளி வெச்சா. அந்த ரெண்டு நாள் ஆர்டர் போச்சு. போவட்டும். அடுத்த ஆர்டர் வராமலா போச்சு?”

விழாவில் அந்த அடித்தல் திருத்தலோடுதான் புத்தகம் விற்றது. இரண்டாம் பதிப்பு வேறு பதிப்பகம். சொல் மாறக்கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டாராம்.

சனிக்கிழமை செம்பூர். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் ஏறி வடாலா ரோட்டில் இறங்கி, பன்வேல் பக்கம் போகும் வண்டி மாற வேண்டும். இரண்டாம் வகுப்பு டிக்கெட் பத்து ரூபாய். காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை ஏற முயற்சி செய்யாதீர்கள். நான் பன்னிரண்டு மணி வண்டியில் உட்கார்ந்தே போனேன். செம்பூரில் ஆட்டோ உண்டு. ஸ்டேஷனிலிருந்து அவர் குடியிருக்கும் இடத்துக்கு 52 ரூபாய். வழியில் அணுசக்தி நகருக்குப் போகும் ஊழியர் பேருந்துகள் வரிசையாக முந்திப் போயின. என் ஆட்டோக்காரர் அவை ஒவ்வொன்றையும் பார்த்து ஏதோ திட்டினார்.

தாராவியில் முத்துப்பேச்சி இருந்த சந்து முழுவதையும் சாலை அகலப்படுத்துவதற்காக இடித்தார்கள். பதிலுக்கு இங்கே ஏழாவது மாடியில் ஒரு வீடு. அதற்கு முன்னால் கணக்கெடுக்க வந்த அதிகாரி, இந்தச் சந்தில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், ஆதாரம் காட்டுங்கள் என்று இந்தியில் கேட்டார். முத்துப்பேச்சி ரேஷன் அட்டையைக் கொடுத்துவிட்டு, மேலே தன் புத்தகத்தையும் வைத்தார். இது என்ன என்றார் அதிகாரி. இந்தச் சந்தில் எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதுவரை இதில் இருக்கிறது, இதைவிட ஆதாரம் வேண்டுமா என்று முத்துப்பேச்சி கேட்டார். தமிழ் செல்லாது என்றார் அதிகாரி. “செல்லாதுன்னு சொன்னா விட்ருவேனா? அங்ஙனயே நிக்க வெச்சு மூணு கவித இந்தில சொன்னேன். பாவம், வெயில்ல நின்னு கேட்டாரு” என்று முத்துப்பேச்சி சிரித்தார். வீடு கிடைத்தது ரேஷன் அட்டையால்தான். அதையும் அவரே சொன்னார்.

லிஃப்ட் ஓடவில்லை. என்னை அழைத்துப்போகக் கீழே இறங்கி வந்திருந்தார். உயரம் குறைவு, கனத்த குரல், முன்நெற்றியில் நரை. படியேறும்போது மூன்றாவது மாடியிலேயே நான் நின்றுவிட்டேன். அவர் பேசிக்கொண்டே ஏறினார். வீட்டில் ஜன்னலோரம் தையல் இயந்திரம். அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக் கொடுக்கிறார். கணவர் டெம்போ ஓட்டுகிறார், அன்று அம்பர்நாத்துக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் புதிதாக ஒரு கவிதை எழுதினால் அதைத் தன் குரலில் பதிந்து போனில் அனுப்பிவிடுகிறார். மகனுக்கும், தன்னோடு இங்கே குடிவந்தவர்களும் இருக்கிற தாராவிப் பெண்கள் குழு ஒன்றுக்கும். அச்சில் வருவதற்கு முன்னால் இந்தக் கட்டடத்தின் பாதிச் சமையலறைகள் அதைக் கேட்டுவிடுகின்றன.

டீ குடித்து முடித்ததும் நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கவிதையை எடுத்துவிட்டார்கள் அக்கா, என்னால் நிறுத்த முடியவில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடுமோ என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எடுத்துட்டாங்களா? அப்ப படிச்சிருக்காங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

“நெசமாத்தான் சொல்லுதேன் டீச்சர். இத்தன வருசமா பாராட்டுனவங்கள்ல பாதிப் பேரு படிச்சிருக்க மாட்டாங்க. சூப்பர் சூப்பர்னுட்டுப் போயிருவாங்க. கோவப்பட்டவன்தான் ஒவ்வொரு வரியா படிச்சிருக்கான்.”

பிறகு ஊரைப் பற்றிப் பேசினார். நான் கேட்கவில்லை. அவர் தம்பிக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது, வெயில் காலத்தில், தண்ணீர் எடுக்கக்கூடாத கிணற்றில் வாளியைப் போட்டான். கட்டிவைத்து அடித்தார்கள். போலீஸ் வந்து, மோர் குடித்துவிட்டுப் போனது. தம்பி பிழைத்தான், ஆனால் இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்த மாதம் தாராவியிலிருந்து ஒரு வரன் வந்தது.

“மாப்ள எப்படின்னு நான் கேக்கல. ரயிலு என்னைக்குன்னுதான் கேட்டேன். நல்ல மனுசனா அமைஞ்சது என் யோகம். எல்லாரும் எங்கிட்ட ஊர விட்டு வந்த சோகத்த எழுதச் சொல்லுதாங்க. நான் ஊர விட்டு வரல டீச்சர், தப்பிச்சு வந்தேன். தப்பிச்சவளுக்கு என்ன சோகம்?”

நாளைக்கு மாட்டுங்காவில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“கேட்டதப் பேச வேண்டியதுதான். ஊர் ஞாபகம்” என்றார்.

ஞாயிறு மாலை ஆறரைக்கு விழா. அரங்கம் சின்னதுதான், ஆனால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பட்டுப்புடவைகள், மாட்டுங்காக் குடும்பங்கள், சில கடைக்காரர்கள். பின்வரிசையில் காதர் பாயும் தாராவிப் பெண்கள் ஏழெட்டுப் பேரும். ஹால் வாடகை கொடுத்த கடைக்காரர் மேடையில் ராமசேஷனுக்குப் பக்கத்தில் இருந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளை வேட்டி சட்டை. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். சால்வையைப் போட்டது அவர்தான். முத்துப்பேச்சி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மைக்குக்கு வந்தார்.

“ஊர் ஞாபகம் பேசச் சொல்லியிருக்காங்க. பேசுதேன்” என்று தொடங்கினார். ஊர்ப் பெயரைச் சொன்னார். தோப்பு இருந்தது, ஆறு இருந்தது, கோயில் கொடை நன்றாக இருக்கும் என்றார். முன்வரிசையில் தலையாட்டினார்கள். பிறகு கிணறு. தம்பி. கட்டிவைத்த புளியமரம். போலீஸ் குடித்த மோர். குரலை உயர்த்தவே இல்லை. “இதான் எனக்கு ஞாபகம் இருக்கு. தோப்புல என்ன மரம் நின்னுச்சுன்னு சரியா ஞாபகம் இல்ல. நான் அதுக்குள்ள போனதில்ல.”

அண்ணாச்சி எழுந்தார்.

“ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு? நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். எங்க ஊர இப்படி வெளியூர்ல வெச்சு அசிங்கப்படுத்தாதீங்க.”

“அண்ணாச்சி, உங்க ஊரும் எங்க ஊரும் ஒண்ணுதான். கிணறுதான் வேற.”

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், உடனே நின்றுவிட்டது. அண்ணாச்சியின் முகம் சிவந்தது. “மன்னிப்புக் கேட்டுட்டு பேசுங்க. இல்லன்னா எறங்குங்க” என்றார். ராமசேஷன் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

முத்துப்பேச்சி இறங்கிவிடுவார், சால்வையைத் திருப்பிக் கொடுப்பார் என்று நான் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. மேடையிலிருந்த தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க பேசி முடிங்க அண்ணாச்சி. நான் இருக்கேன். அதுக்கப்புறம் ஒரு கவித வாசிக்கணும்.”

அவ்வளவுதான். கோபப்படுகிற ஆள் எதிரே நின்றால் திட்டலாம். உட்கார்ந்து காத்திருப்பவரை என்ன செய்வது? அண்ணாச்சி கொஞ்சம் பேசினார். தான் ஊருக்குச் செய்த தர்மங்களைச் சொன்னார். முத்துப்பேச்சி கவனமாகக் கேட்டார், ஒரு இடத்தில் தலையைக்கூட ஆட்டினார். பேச்சு தீர்ந்தது. அண்ணாச்சி மேடையை விட்டு இறங்கி வெளியே போனார். அவரோடு முன்வரிசையில் பாதி எழுந்தது. நாற்காலிகள் உரசும் சத்தம் அடங்க வெகுநேரமானது.

மைக்கின் முன்னால் யாரும் இல்லை. ராமசேஷன் மெல்ல எழுந்து போய், கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே, “அடுத்தபடியா கவிதை வாசிப்பு. முத்துப்பேச்சி” என்றார்.

முத்துப்பேச்சி ‘நல்’ வாசித்தார். பின்வரிசைப் பெண்கள் முன்னால் காலியான நாற்காலிகளுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரிக்கு முந்தின ‘இருக்கட்டும்’ என்ற சொல்லை அவர் எப்படிச் சொன்னார் என்பதை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக வகுப்பில் அதை விட்டுக்கொடுக்கிற தொனியில் வாசித்து வந்திருக்கிறேன். அவர் அதை ‘இப்ப என்னங்கறே?’ என்பதுபோல் சொன்னார்.

சாப்பாடு நடந்தது. ஏற்கெனவே சமைத்தாயிற்று. ராமசேஷன் இலை போடும் இடத்தில் என்னிடம் வந்தார். “நேக்கு இன்னமும் அந்தக் கவிதை முழுசாப் பிடிக்கலை. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எறங்குன்னு சொன்னது தப்பு. அடுத்த வருஷம் இந்த ஹால் கிடைக்காது. பார்ப்போம், எங்காத்து மொட்டை மாடி இருக்கு” என்றார். முத்துப்பேச்சி இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ரயிலேறி ஊர் திரும்பினேன். அந்த வாரமே வகுப்பில் ‘நல்’ நடத்தினேன். தேர்வுக்கு வராது, குறிப்பெடுக்க வேண்டாம், பிடிக்காதவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். யாரும் போகவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் நடத்தினீர்கள் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தமிழ் வகுப்பில் தமிழ்க் கவிதை நடத்தினேன் என்று பதில் கொடுத்திருக்கிறேன். என்ன வருகிறதோ வரட்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை போங்கள், மற்ற மாதங்களில் ஒன்று மழை அல்லது புழுக்கம். மாட்டுங்காவில் தங்கினால் தாராவி, செம்பூர் இரண்டுக்கும் வசதி. ரயில் போக, நான்கு நாளைக்கு எனக்கு லாட்ஜும் சாப்பாடும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. தாராவிக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது ஜனங்கள் வேலை செய்கிற இடம், வேலை நேரத்தில் போய்ப் பராக்குப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. அங்கே யாரையாவது தெரிந்துகொண்டு அவர்களைப் பார்க்கப் போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், கொடுக்கிற டீயைக் குடியுங்கள். முக்கியமாக, யாரிடமும் “ஊர் ஞாபகம் வருமா?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். சிலருக்கு வரும், ஆசையாகச் சொல்வார்கள். சிலருக்கு வேறு மாதிரி வரும். அதைக் கேட்டுவிட்டு எழுந்து போகாமல் இருக்க முடியும் என்றால் மட்டும் கேளுங்கள்.

இந்தப் பதிவை வெளியிடுவதற்கு முன்னால் முத்துப்பேச்சிக்குப் போனில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். தையல் இயந்திரம் மட்டும் நடுநடுவே ஓடியது. முடித்ததும் ஒரே ஒரு குறை சொன்னார்.

“எல்லாம் போட்ருக்கீங்க. எங்க ஊர்ப் பேரப் போடலியே?”

உங்களுக்கும் அங்கே இருக்கிற தம்பிக்கும் தொந்தரவு வரக்கூடாதே என்றுதான் விட்டேன் என்றேன்.

“தம்பியும் இப்ப இங்க பம்பாய்லதான் இருக்கான். எனக்கென்ன தொந்தரவு? அடிச்சவன் பேர மறச்சு வெக்கலாம், கேசு போடுவான். ஊர எதுக்கு மறைக்கணும்? எழுதுங்க டீச்சர்.”

ஊரின் பெயர் ஆவரம்பொட்டல்.